குடியிருப்போர் சங்கக் கணக்கு கேட்கப் போய்ச் சறுக்கும் இடங்கள்

போன வாரம் சத்துவாச்சாரியில் புதிதாக ஃபிளாட் வாங்கிய தம்பி ஒருவன், "கணக்கைக் காட்டுற வரைக்கும் மெயின்டெனன்ஸ் கட்டமாட்டேண்ணா" என்றான். எனக்குப் பகீரென்றது. காட்பாடியில் ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் கிளம்பினேன்.

பணத்தை நிறுத்துவது

கோடை வந்தால் எங்கள் அடுக்ககத்துக்கு லாரித் தண்ணீர்தான். செலவு ஏறிக்கொண்டே போக, பில்லைக் கேட்டேன். செயலாளர் இழுத்தடித்தார். ரோஷத்தில் எட்டு மாதம் மெயின்டெனன்ஸ் கட்டவில்லை. பொதுக்குழுவில் எழுந்து வாயைத் திறந்ததும், "சார், நீங்க பாக்கிதாரர். பைலாவைப் பாருங்க" என்றார். சங்கத்தின் விதிகளைத்தான் பைலா என்கிறார். பார்த்தேன். மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தால் ஓட்டு கிடையாது, வட்டி உண்டு. கீழ்த்தளத்து அம்மா, "எங்க காசுல இவரு குளிக்கிறாரு" என்றார். லாரி பேச்சு அதோடு போயிற்று.

வட்டியோடு கட்டிவிட்டு எழுத்தில் கேட்ட பிறகுதான் ஃபைல் மேசைக்கு வந்தது. மார்ச் முதல் மே வரையிலான பில்கள்: தேதிகள் வாரக்கணக்கில் தள்ளித் தள்ளி, பில் எண்கள் மட்டும் அடுத்தடுத்து, எல்லாம் ஒரே கையெழுத்து. அந்த லாரிக்காரர் மூன்று மாதமும் வேறு யாருக்குமே தண்ணீர் ஊற்றவில்லை போலிருக்கிறது! செயலாளர் அதற்குள் வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டே போயிருந்தார். 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துக் கட்டியிருந்தால் ஆளாவது கையில் இருந்திருப்பார். இன்றும் வயிறு எரிகிறது.

வாயால் கேட்பது

கேட்கவே இல்லை என்பார்கள்.

"எல்லாக் கணக்கும் வேண்டும்"

எதுவும் வராது. எந்த மாதம், எந்தச் செலவு, வவுச்சரா, பேங்க் ஸ்டேட்மென்டா, மினிட்ஸ் புத்தகமா என்று எழுதுங்கள்.

சங்கத்துக்கே ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுவது

அரசு நிதியில் கணிசமாக ஓடாத கூட்டுறவுச் சங்கங்களே ஆர்டிஐக்குள் வராது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியிருப்போர் சங்கம் எம்மாத்திரம்? ஆனால் உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், ஆண்டுக் கணக்கு மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அவர் அலுவலகத்துக்குத் தாராளமாக ஆர்டிஐ போடலாம். 10 ரூபாய், 30 நாள்.

அதே சட்டத்தின் 36ஆம் பிரிவில் பதிவாளரிடம் விசாரணையும் கேட்கலாம், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்து இருந்தால். பாக்கிதாரருக்கு யார் போடுவார்கள்? தம்பியின் பிளாக்கில் 24 வீடு. எட்டுக் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை பாக்கியைக் கட்டினான். இதுவரை மூன்று கிடைத்திருக்கிறது.