பேட்டரி சேமிப்பு நிலையம்: தீப்பிடிக்கும் முன்பே திட்டமிடுவது எப்படி?

முதலில், வாங்கப்போகும் பேட்டரிக்கான யுஎல் 9540ஏ எனும் தீப்பரவல் சோதனையின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு செல் கட்டுமீறிச் சூடானால் வெப்பம் பக்கத்து மாட்யூலுக்கு (செல்களின் தொகுப்புக்கு) தாவுகிறதா, எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்பது அதில் இருக்கும். பேட்டரிகளை அடுக்கி வைக்கும் கன்டெய்னர்களின் இடைவெளியை அதை வைத்தே முடிவு செய்யுங்கள். இடம் மிச்சமாகும் என்று நெருக்கி வைக்கவே கூடாது.

தீயைவிட, எரியாமல் தேங்கும் வாயுவே ஆபத்தானது. அதில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினாலே பற்றிக்கொள்ளும். 2019 ஏப்ரலில் அரிசோனாவில் ஒரு நிலையத்தின் கதவைத் திறந்த பின் அது வெடித்து, தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தனர். தீயணைப்பு வாயு ஏற்கெனவே பாய்ச்சப்பட்டிருந்தது. அது செல்களைக் குளிர்விக்காது.

ஆகவே ஹைட்ரஜன் 1 சதவீதத்தைத் தாண்டாதபடி, உணரியோடு இணைந்த வெளியேற்று விசிறி வேண்டும். அதற்குத் தனி மின்வழி கொடுங்கள். பேட்டரி நின்றதும் விசிறியும் நின்றால் பயனில்லை. கூடவே, வெடிப்பழுத்தம் ஆளில்லாத பக்கம் வெளியேறத் திறப்புப் பலகைகள் வையுங்கள். உணரி அளவுகளைக் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து படிக்க முடிய வேண்டும்.

தண்ணீர் முக்கியமாக அடுத்த கன்டெய்னர்களைக் குளிர்விக்கவே. வழிந்தோடும் நீரைத் தேக்கிப் பிடிக்கத் தொட்டி கட்டுங்கள்.

மின் இணைப்பைத் துண்டித்தாலும் செல்களில் மின்சாரம் இருக்கும். நாள்கள் கழித்தும் மீண்டும் பற்றலாம். அதனால் தீயணைப்புத் துறையிடம் வரைபடம், துண்டிப்பு இடங்கள், 24 மணி நேரமும் கிடைக்கும் பொறியாளரின் எண் ஆகியவற்றை நிலையம் இயங்கும் முன்பே கொடுத்து, ஒத்திகையும் நடத்திவிடுங்கள்.