நயினாதீவுக்கு ஒரு காலைப் படகு

மூன்று கிழமை விடுமுறையில் யாழ்ப்பாணம் வருகிறவர்கள் பலர், கடலில் ஒரு சுற்றுப் போக வேண்டுமென்றால் திருகோணமலைக்கு வான் பிடிக்கிறார்கள். வயதான அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டிப் போவதானால் அவ்வளவு தூரம் வேண்டாம். புங்குடுதீவுக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகே போதும். கடலில் இருப்பது கால் மணித்தியாலம், கூடினால் இருபது நிமிடம். ஆனாலும் அதற்கு ஒரு முழுக் காலையை ஒதுக்கி வையுங்கள். கல்யாண வீட்டுக்கும் நல்லூருக்கும் நடுவே கிடைக்கிற இரண்டு மணித்தியாலத்தில் இதைச் செருகினால், மணிக்கூட்டைப் பார்த்தபடியே போய் வருவீர்கள்.

பயணத்தின் அழகு பண்ணைப் பாலத்திலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். தடிகளை நட்டு வலை கட்டிய களங்கட்டிகள், தடி நுனியில் செட்டையை விரித்துக் காயவிடும் நீர்க்காகங்கள். வானை ஓரிடத்தில் ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு வேலணை, அங்கிருந்து கடலுக்கு நடுவே நீளும் வாணர் பாலம், புங்குடுதீவு. வழியெல்லாம் பனையும், ஆளில்லாமல் கூரை விழுந்த கல்வீடுகளும். அம்மாமார் அந்த வீடுகளைப் பார்த்துக் கதைக்கத் தொடங்குவார்கள். அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

குறிகட்டுவான் துறையில் நிற்பவை பெரும்பாலும் மரத்தால் செய்த இயந்திரப் படகுகள். கட்டணம் சிறிய தொகைதான், சில்லறைத் தாள்களாகக் கொண்டு போங்கள். கவனம் வேண்டியது ஏறும் இடத்தில். படகு அலைக்கு ஏறி இறங்கும், சிலவேளை ஒரு படகைத் தாண்டி மற்றதுக்குள் கால் வைக்க வேண்டியும் வரும். முழங்கால் நோ உள்ளவர்களை முதலில் ஏற விடச் சொல்லிக் கேளுங்கள், படகுக்காரர்கள் கை கொடுத்து இறக்குவார்கள். உள்ளே கூரை தாழ்வு, தலை பத்திரம். இடம் இருந்தால் காற்றுப் படும் ஓரமாக இருங்கள். பாதுகாப்பு அங்கியை எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் போடாவிட்டாலும். படகு நிரம்பி வழிந்தால் அடுத்ததில் போகலாம்.

துறையை விட்டதும் தண்ணீர் பச்சையாக மாறும். கொஞ்ச நேரத்தில் நாகபூசணி அம்மன் கோயில் கோபுரம் கடலிலிருந்து எழும்புவதுபோலத் தெரியும். அம்மனுக்குப் பூக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்த கதையை அப்போது சொல்லுங்கள். நாகம் சுற்றிய கல், கருடன் கல் என்று இரண்டு பாறைகளை இன்றும் காட்டுவார்கள். அம்மம்மா சொன்னால் இன்னும் நல்லது.

கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், ஒரு துவாய் வைத்திருங்கள். மத்தியானப் பூசை வரை நின்றால் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் கிடைக்கும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரோடும் பந்தியில் இருந்து சாப்பிடுவதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பௌத்த கோயிலான நாகவிகாரையும் நடந்து போகும் தூரம்தான். கரையில் இறங்கியவுடனேயே, திரும்பும் படகு எந்தத் துறையிலிருந்து, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் வருகிறவர்களுக்குத் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலம். மத்தியானத்துக்குப் பிறகு அலை கூடும், ஆகவே காலையில் முதலாவது இரண்டாவது படகிலேயே போய்விடுங்கள். ஆனியில் நடக்கும் பதினாறு நாள் திருவிழா பார்க்கப் பெரிய பாக்கியம், ஆனால் அந்நாட்களில் சனம் துறையை அடைத்துவிடும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் வேறு நாள் பார்க்கலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் வாடைக் காற்றும். படகு ஓடுகிறதா என்று உறவினரிடம் கேட்காமல் வெளிக்கிடாதீர்கள். தை கடைசியிலிருந்து சித்திரை வரைதான் கடல் அமைதியாகக் கிடக்கும். அதே துறையிலிருந்து நெடுந்தீவுக்கும் போகலாம், ஆனால் அது ஒரு மணித்தியாலக் கடல், தலைசுற்றும் ஆட்களுக்கு ஏற்றதல்ல.

இவ்வளவும் பெரிதாகத் தெரிந்தால் ஊர்காவற்றுறைக்குப் போங்கள். அங்கிருந்து காரைநகருக்குப் ‘பாதை’ ஓடுகிறது. ஊர்ச்சனம் சைக்கிளோடும் மோட்டார் சைக்கிளோடும் ஏறும் தட்டையான மிதவை அது, காசு வாங்குவதில்லை. பழுது பார்க்க நிறுத்தும் நாட்களும் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள். போகும்போது கடல் வாய்ப் பக்கம் பார்த்தால் தண்ணீருக்கு நடுவே கடற்கோட்டை நிற்கும். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. வானைப் பொன்னாலைப் பாலத்தால் சுற்றிக் காரைநகருக்கு வரச் சொல்லிவிட்டால், மறுகரையில் ஏறி நேரே கசூரினாக் கடற்கரைக்குப் போய், பிள்ளைகள் குளித்து முடிக்கும் வரை சவுக்கு மர நிழலில் இருக்கலாம்.