பிரைம்95: பல கோர் கணினியில் வேலைக் கோப்பை அமைப்பது எப்படி?

மெர்சென் பகா எண்களை (2-ன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கும் பகா எண்கள்) பலருடைய கணினிகள் வழியே தேடும் கிம்ப்ஸ் திட்டத்தில் சேர்ந்து பிரைம்95 மென்பொருளை நிறுவிவிட்டீர்கள். கணினியில் எட்டு கோர்கள் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) இருந்தால், எட்டு எண்களை ஒரே நேரத்தில் சோதிக்கலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்.

11 கோடியை ஒட்டிய ஓர் அடுக்கெண்ணை (2-ஐ உயர்த்தும் அடுக்கு) சோதிக்க, ஏறத்தாழ 48 மெகாபைட் தரவை ஒவ்வொரு சுற்றிலும் புரட்ட வேண்டும். சுற்றுகளும் ஏறத்தாழ 11 கோடி! எட்டுச் சோதனைகள் சேர்ந்தால் 384 மெகாபைட் ஆகிறது. பெரும்பாலான செயலிகளின் கேஷில் (செயலிக்குள்ளேயே உள்ள சிறிய, வேகமான நினைவகம்) இது அடங்காது. கோர்கள் ராமிலிருந்து தரவு வரக் காத்துக்கிடக்கும். அதனால் ஒரே வொர்க்கருக்கு (ஒரு நேரத்தில் ஓர் எண்ணைச் சோதிக்கும் மென்பொருள் பகுதி) பல கோர்களைக் கொடுப்பதே பல கணினிகளில் வேகமாக இருக்கிறது.

முதலில் ஆப்ஷன்ஸ் மெனுவில் உள்ள பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையை ஓட்டுங்கள். 1, 2, 4 வொர்க்கர்கள் என மாற்றிப் பார்த்து, நொடிக்கு மொத்தச் சுற்றுகள் எதில் அதிகமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். கோர்களை எண்ணும்போது உண்மையான கோர்களை மட்டும் எண்ணுங்கள். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் வசதியின் இரட்டிப்பு எண்ணிக்கை இந்த வேலைக்குப் பெரும்பாலும் உதவாது.

அடுத்து, மென்பொருளை முழுவதுமாக மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அது வேலைக் கோப்பை (சோதிக்க வேண்டிய எண்களின் பட்டியல்) தானே திருத்தி எழுதும். நீங்கள் செய்த மாற்றம் அழிந்துபோகலாம். பிரைம்95 இருக்கும் கோப்புறைக்கு ஒரு நகலும் எடுத்துவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், பல நாள் கணக்கீடு அதில் இருக்கிறது.

இப்போது அந்த வேலைக் கோப்பை, அதாவது 'வொர்க்டுடூ' (worktodo.txt) என்ற டெக்ஸ்ட் கோப்பை, நோட்பேடில் திறங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் வொர்க்கர் என்ற சொல்லும் # குறியோடு அதன் எண்ணும் தலைப்பாக இருக்கும். அந்தத் தலைப்பின் கீழுள்ள வரிகள் அந்த வொர்க்கருக்குரியவை. மேலிருந்து கீழாக முடியும். பி.ஆர்.பி. (எண் பகா எண்ணாக இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கும்) சோதனை வரியில் சமக்குறிக்குப் பின் 32 எழுத்துகள் கொண்ட ஒதுக்கீட்டுக் குறியீடு வரும். தொடர்ந்து 1, 2, அடுக்கெண், -1 ஆகியவை காற்புள்ளிகளுடன் வரும். 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழி என்பதே அதன் பொருள். இந்த வரிக்குள் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள்.

நான்கு வொர்க்கர்களை இரண்டாகக் குறைக்கிறீர்களா? மூன்றாவது, நான்காவது தலைப்புகளின் கீழுள்ள வரிகளை வெட்டி, முதல் இரண்டின் கீழ் ஒட்டுங்கள். பாதி முடிந்த வேலை வீணாகாது. இடைச்சேமிப்புக் கோப்பின் பெயர் அடுக்கெண்ணைத்தான் சார்ந்தது, வொர்க்கரை அல்ல. ஒரே அடுக்கெண் மட்டும் இரண்டு இடங்களில் இருக்கக் கூடாது.

சேமித்துவிட்டு மென்பொருளைத் திறந்து, அமைப்புகளில் வொர்க்கர் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றுக்குமான கோர்களையும் மாற்றுங்கள். பழைய சோதனை, விட்ட சதவீதத்திலிருந்தே தொடர்கிறதா என்று பாருங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு, நகலெடுத்த கோப்புறைக்குத் திரும்புங்கள்.