சாண வாயு அடுப்பு துள்ளித் துள்ளி அணைந்தால்

சாணம் புளித்து வாயு உண்டாகும் கலனில் வாயு நிறைய இருக்கும். ஆனால் அடுப்பில் சுவாலை துள்ளும், குழாயில் ‘பொளக் பொளக்’ என்று சத்தம் கேட்கும், பிறகு அணைந்துவிடும். கிளிநொச்சியில் எங்கள் மாட்டுக் கொட்டிலில் இதற்குக் காரணம் குழாயில் தேங்கிய தண்ணீர். கலனிலிருந்து வரும் வாயு ஈரமானது. இரவில் குழாய் குளிர, ஈரம் நீராகிப் பள்ளமான இடத்தில் சேர்ந்து வழியை அடைக்கும்.

குழாய் தொய்ந்த இடங்களுக்கு முட்டுக்கொடுத்து, 100 அடிக்கு ஓரடி இறக்கம் வரச் செய்தேன். ஆகத் தாழ்ந்த இடத்தில் வெட்டி, ‘ரீ’ (T) வடிவக் குழாய் மூட்டைக் கீழ்நோக்கிப் பொருத்தி, முனையில் ஒரு வால்வு. வாரம் ஒருமுறை திறந்து தண்ணீரை வடிய விட்டு, வாயு சீறத் தொடங்கியதும் மூடவேண்டும். அந்நேரம் பக்கத்தில் பீடியும் கூடாது. மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசினேன். குமிழி வரும் இடம் ஒழுக்கு.

துள்ளாமல் சோர்ந்தே எரிந்தால் கோளாறு கலனுக்குப் போடும் தீனியில்தான், அதாவது சாணக் கரைசலில். வன்னி மாடுகள் பகலில் மேய்ச்சலுக்குப் போய்விடுவதால் இரவுச் சாணம் மட்டுமே கைக்கு வரும். 20 கிலோ பச்சைச் சாணத்துக்கு 20 லீற்றர் தண்ணீர். அதில் ஏறக்குறைய 0.7 கனமீற்றர் வாயு. ஓர் அடுப்புக்கு இரண்டு மணிநேரம் காணும். கொட்டில் கழுவிய தண்ணீரை உள்ளே விடவேண்டாம். கிருமிநாசினி கலந்திருந்தால் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். அந்தத் தண்ணீரோடு வரும் மண் கலனின் அடியில் இறுகும், அதை அள்ளுவது பெரும்பாடு.

சிலிண்டர் அடுப்பை அப்படியே கொழுவினாலும் சரிவராது. அதன் வாயுத் துளை இதற்குச் சிறிது.