சிங்கப்பூரில் வேலையிடச் சம்பவத்தைத் தாதியர் அறிக்கையிடுவது எப்படி?

ஊசி குத்திவிட்டால், படிவத்தைத் தேடுவதற்கு முன் காயத்தைப் பிதுக்காமல் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவுங்கள். பிறகு பொறுப்புத் தாதியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதைச் சில மணி நேரத்திற்குள், மிஞ்சினால் 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால், ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்தானது. அன்று எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனை, பின்னாளில் தொற்று தெரியவந்தால் அது வேலையில் வந்ததா என்பதற்குச் சான்றாகவும் உதவும்.

மருத்துவமனையின் சம்பவ அறிக்கையை அதே ஷிப்டில் எழுதிவிடுவது நல்லது. "கவனக்குறைவால் ஊசி குத்தியது" என்று எழுதினால் விசாரிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பழி மட்டும் உங்கள் மேல் விழும். "இரவு 2.40 மணிக்கு, பயன்படுத்திய இன்சுலின் ஊசியை ஊசிக் கழிவுப் பெட்டிக்குள் போடச் சென்றபோது, பெட்டி நிரம்பியிருந்ததால் வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேறோர் ஊசி வலது சுட்டுவிரலில் குத்தியது" என்று எழுதினால், பெட்டி ஏன் மாற்றப்படவில்லை என்ற சரியான கேள்வி எழும். ஊகத்தையும் சக ஊழியர் மீதான குறையையும் தவிர்த்து, கண்டதையும் செய்ததையும் உடனிருந்தவர் யார் என்பதையும் மட்டும் குறிப்பிடுங்கள். நோயாளியின் விவரங்கள் அதற்குரிய இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் படம் பகிர்வது அறிக்கையாகாது. நோயாளியோ உறவினரோ திட்டினாலும் அடித்தாலும், சொன்ன சொற்களை மெருகேற்றாமல் அப்படியே பதியுங்கள். 2014ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் பொது மருத்துவமனைத் தாதியருக்கும் பொருந்தும்.

நோயாளியைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்வதைத்தான் பலரும் மறைக்கிறார்கள். மருத்துவரிடம் அது வேலையில் நேர்ந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். 2020 செப்டம்பர் 1 முதல், வேலை விபத்திற்காக ஒரு நாள் மருத்துவ விடுப்போ இலகுப் பணியோ தரப்பட்டாலும், முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்தை அறிந்த பின் அதற்கு 10 நாள் அவகாசம் உண்டு. வேலைக் காய இழப்பீட்டைப் பொதுவாக விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். தமிழகத்திலிருந்து வேலை அனுமதியில் வந்த தாதியருக்கும் இந்த உரிமை உண்டு.

அறிக்கை எண்ணையும் விடுப்புச் சான்றிதழின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி தெரிவிக்கவில்லை எனத் தெரிந்தால், நீங்களே அமைச்சை அணுகலாம்.