தலைவலி என்றதும் படுக்க வைக்காதீர்கள்

தண்டுவடத்தில் அடிபட்டு வீடு திரும்பியவரைப் பார்த்துக்கொள்ளப் போகும் நர்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரியில் முதலில் தேட வேண்டியது அடிபட்ட மட்டத்தை. டி6 (மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) அல்லது அதற்கு மேலே என்றால், எந்நேரமும் வரக்கூடிய ஆபத்து அட்டானமிக் டிஸ்ரிஃப்லெக்சியா, அதாவது காயத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் பி.பி. திடீரென எகிறுவது. மூத்திரப்பை நிறைந்து முட்டினாலும் அவருக்குத் தெரியாது. உடம்பு அதைப் பி.பி.யாகக் காட்டும்.

இவர்களுக்கு பி.பி.யின் மேல் அளவு 90–110 இருப்பதே வழக்கம். அதனால் 140 என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். வழக்கமான அளவைவிட 20–40 கூடி, மண்டையைப் பிளக்கும் வலி, முகம் சிவந்து வியர்வை, மூக்கடைப்பு, நாடி குறைதல் என்று வந்தால் அதுதான். காயத்துக்குக் கீழே தோல் வெளிறி, மயிர் சிலிர்த்திருக்கும்.

வீட்டில் ஆச்சிமார் தைலம் தடவிப் படுக்கச் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் படுத்தால் பி.பி. இன்னும் ஏறும், மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். நேராக உட்கார வைத்து, காலைத் தொங்கவிடுங்கள். கைலி முடிச்சு, பெல்ட், காலில் கட்டிய யூரின் பையின் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். 2–5 நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி. பாருங்கள்.

அடுத்து கதீட்டர், அதாவது மூத்திரக் குழாய். பெரும்பாலும் குற்றவாளி இதுதான். தொடைக்கடியில் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். அடைப்பென்றால், உடல்சூட்டிலுள்ள சலைன் 10–15 மில்லி மட்டும் மெதுவாகச் செலுத்துங்கள். வயிற்றை அமுக்க வேண்டாம். அப்படியும் வடியாவிட்டால் மரத்துப்போக வைக்கும் 2% லிக்னோகெயின் ஜெல்லி வைத்துக் குழாயையே மாற்றுங்கள். மூத்திரம் வடிந்தும் பி.பி. குறையாவிட்டால் மலக்கட்டா என்று பாருங்கள். ஆசனவாயில் ஜெல்லி வைத்துக் குறைந்தது 2 நிமிடம் பொறுத்துத்தான் விரல் விட வேண்டும். அவசரப்பட்டால் அதுவே பி.பி.யை ஏற்றும். மேல் அளவு 150ஐத் தாண்டி நின்றால் மலத்தை எடுப்பதற்கு முன்பே டாக்டர் எழுதிய மருந்து. நைட்ரேட் என்றால், அதோடு சேரக்கூடாத சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையை 24 மணி நேரத்துக்குள் எடுத்தாரா என்று கேளுங்கள். அடங்காவிட்டால் 108. சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரைக்கும் ஸ்ட்ரெச்சரில் சாய்க்காமல் உட்கார்த்தியே கொண்டுபோகச் சொல்லுங்கள். அடங்கினாலும் 2 மணி நேரம் கவனிக்க வேண்டும்.

படுக்கைப்புண்ணுக்கு 2 மணிக்கொருமுறை புரட்டுவது எல்லோருக்கும் தெரியும். முதுகின் அடியிலுள்ள திருவெலும்பு, குதிகால், இடுப்பு ஓரம் ஆகிய இடங்களில் அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையாவிட்டால், அந்தப் பக்கம் பாரமே படக்கூடாது.

சித்திரை வெயிலில் வளவு முற்றத்துக் கல் கொதிக்கும். வீல்சேரிலிருந்து நழுவிய பாதம் வெந்தாலும் அவருக்கு உறைக்காது. காயத்துக்குக் கீழே வியர்க்காததால் காய்ச்சலில்லாமலே உடம்பு சுடும். ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறி உள்ள அறையில் வையுங்கள். ஒத்தடம் கொடுக்காதீர்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். தேய்க்காமல், அசைக்காமல் டாக்டரை அழையுங்கள்.