அமெரிக்க அரசியல் விவாதத்தில் இறங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

அமெரிக்க அரசியல் பேச்சில் பாதிச் சண்டைக்கும் கொள்கைக்கும் சம்பந்தமே இருக்காது. ஒருவர் "சட்டம் வந்துவிட்டது" என்பார், இன்னொருவர் "சுத்தப் பொய்" என்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே மசோதாவின் இரு வேறு கட்டங்கள். ஆகவே பதில் எழுதத் தொடங்குமுன் கேளுங்கள்: இது நடந்தது எந்த அமைப்பில், எந்தக் கட்டத்தில்?

மசோதா என்றால் முதலில் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தது எச்.ஆர். என்றும் செனட்டில் கொண்டுவந்தது எஸ். என்றும் தொடங்கும். எத்தனையாவது காங்கிரஸ் (இந்த இரு சபைகளும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்) என்பதும் தெரிய வேண்டும். ஒரு காங்கிரஸின் ஆயுள் இரண்டு ஆண்டு; முடியும்போது நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் காலாவதி ஆகும், எண் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காங்கிரஸ் டாட் கவ் தளத்தில் எண்ணைத் தட்டினால் மசோதா எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது மேலேயே தெரியும். "அறிமுகம்" என்று மட்டும் இருந்தால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஒரே ஓர் உறுப்பினர் நினைத்தால் அறிமுகம் செய்துவிடலாம். பெரும்பாலானவை மசோதாவை ஆராயும் சபைக் குழுவைத் தாண்டுவதே இல்லை.

நம்மவர்கள் அதிகம் ஏமாந்த உதாரணம், கிரீன் கார்டில் ஒரு நாட்டவருக்கு 7 சதவீதம் என்ற வரம்பைத் தளர்த்தும் மசோதா. எச்.ஆர். 1044, 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. அதே நோக்கமுள்ள எஸ். 386, 2020 டிசம்பரில் செனட்டில் நிறைவேறியது. இரண்டு முறையும் வாட்ஸ்அப்பில் இனிப்பு வழங்காத குறைதான். ஆனால் இரண்டின் வாசகமும் ஒன்றல்ல. ஒரே வாசகத்தை இரு சபைகளும் ஏற்காமல் எதுவும் அதிபர் மேசைக்குப் போகாது. 2021 ஜனவரி 3-இல் அந்தக் காங்கிரஸ் முடிந்தது, மசோதாக்களும் முடிந்தன.

"செனட்டில் பெரும்பான்மை இருந்தும் ஏன் செய்யவில்லை?" என்பது அடுத்த நிரந்தரக் கேள்வி. 100 பேர் உள்ள அவையில் 51 போதும் என்று கணக்குப் போடுவார்கள். வழக்கமான மசோதாவில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 வாக்கு வேண்டும். நியமனங்கள், ரீகன்சிலியேஷன் என்ற பட்ஜெட் வழி போன்ற சிலவற்றுக்கு மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2017 வரிக்குறைப்பும் 2022 பணவீக்கக் குறைப்புச் சட்டமும் அந்த வழியில் வந்தவை. வரவு செலவைத் தொடாத விஷயத்தை அதில் நுழைக்க முடியாது.

அதிபரின் நிர்வாக ஆணை என்றால் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு, ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் மூல வாசகத்தைப் படியுங்கள். எந்தச் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்டது என்று முதல் பத்தியிலேயே இருக்கும். வழக்கு வந்தால் சர்ச்சை அங்கேதான். அமலுக்கு வரும் தேதியையும், நீதிமன்றத் தடை உண்டா என்பதையும் பாருங்கள். இடைக்காலத் தடை கிடைத்ததை "ஆணை செல்லாது என்று தீர்ப்பு" என எழுதினால் எதிராளி அடுத்த வரியிலேயே மடக்குவார். உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கினாலும் வழக்கு முடிந்ததாகாது.

கருத்துக்கணிப்பில் எண்ணைவிட முக்கியம், யாரிடம் கேட்டார்கள் என்பது. எல்லா வயதுவந்தோரா, பதிவு செய்த வாக்காளர்களா, வாக்களிக்க வாய்ப்புள்ளவர்களா? மூன்றும் மூன்று விடை தரும். 1000 பேரிடம் எடுத்தால் பிழை வரம்பு சுமார் 3 சதவீதப் புள்ளி, அதாவது உண்மை எண் அந்த அளவு கூடவோ குறையவோ இருக்கலாம். அது ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணுக்கும் தனித்தனி. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 48-46 என்பதை முன்னிலை என்று சொல்லாதீர்கள். அதிலிருந்து 100 பேரை மட்டும் பிரித்து "இளைஞர்கள் கட்சி மாறுகிறார்கள்" என்று யாராவது காட்டினால், அங்கே பிழை வரம்பு 10 புள்ளி. தேசிய முன்னிலையை வெற்றியாகவும் எண்ண வேண்டாம். 2016-இல் ஹிலாரி கிளின்டன் சுமார் 29 லட்சம் வாக்கு அதிகம் பெற்றார்; ஆனால் அதிபராக, மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகளில் 270 தேவை; அவை கிடைக்கவில்லை.

பொருளாதாரத்தில் இரு தரப்பும் உண்மையே சொல்லிக்கொண்டு அடித்துக்கொள்ள முடியும். ஆண்டுப் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம், 2023 ஜூனில் 3 சதவீதம். பணவீக்கம் இறங்கியது என்பவரும் சரி, கடையில் விலை இறங்கவில்லை என்பவரும் சரி. ஏறும் வேகம்தான் குறைந்தது. வேலைவாய்ப்பு எண்ணில் தொடக்க மாதத்தைக் கவனியுங்கள். கொரோனாவால் வேலைகள் சரிந்து கிடந்த 2020 ஏப்ரலில் இருந்து கணக்கிட்டால் எந்த அதிபரும் சாதனையாளர்தான். மாதாந்திர எண் அடுத்த இரு மாதங்களிலும் திருத்தப்படும் என்பதால், திருத்தத்தைப் பார்த்ததும் "மோசடி" என்று குதிப்பதும் வீண். பற்றாக்குறை ஓர் ஆண்டுக் கணக்கு, கடன் சேர்ந்துகொண்டே வருவது. பற்றாக்குறை குறைந்த ஆண்டிலும் கடன் ஏறும்.

பதில் எழுதும்போது, எதிராளி சொன்னதை அவரே "ஆமாம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு மூல ஆவணம், தேதியுடன். ஐந்து இணைப்பு கொடுத்தால் அவற்றில் பலவீனமான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். 20 விநாடி காணொளித் துண்டு வந்தால், அந்த உரை நடந்த தேதியைக் கண்டுபிடித்து நாடாளுமன்ற நிகழ்வுகளை முழுதாக ஒளிபரப்பும் சி-ஸ்பான் சேனலின் பதிவில் முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கேள்வியை வெட்டிவிட்டு விடையை மட்டும் பரப்புவதுதான் அங்கே வழக்கமான வேலை.